வேறொரு கருவியில்

டிசம்பர் முதல் வாரம்
செயலி ஒரு கணக்கு அனுப்பியது.
பிளாரன்ஸ், இந்த ஆண்டு நீங்கள்
நாற்பத்தோராயிரம் நிமிடங்கள் பாட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.
என் சம்பளத்தைக்கூட
யாரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

வேளச்சேரி ரயிலில் நின்றபடியே பார்த்தேன்.
இரண்டாம் இடம் எனக்குத் தெரிந்ததுதான்.
வயலின் முதலில் வந்து மன்னிப்புக் கேட்கும்,
அப்புறம்தான் அந்தப் பெண் பாடவே ஆரம்பிப்பாள்.
பிப்ரவரி முழுக்க அதைக் காதில் மாட்டிக்கொண்டு
மந்தைவெளிக் கூடத்தில்
பொய்ப்பற்களுக்கு மெருகேற்றினேன்.
யாரோ ஒருவரின் கடைவாயில்
அதன் சரணம் இன்னமும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, மே மாதத்துக் குத்து.
கத்திரி வெயிலில் ஊரே ஆடியது. நான் ஆடவில்லை.
கரண்ட் போன இரவொன்றில் மொட்டைமாடியில்
கீழ்வீட்டுப் பையன் வாயாலேயே தாளம் போட்டு
ஆடிக்காட்டினான், கைதட்டினேன்.
அது கணக்கில் வராது.

நான்காவது, தரமணியில் ஏறும் ஒருத்தி
ஹெட்செட் இல்லாமல் போனில் அலறவிடுவாளே,
அவளிடமிருந்து ஜலதோஷம் மாதிரி
தொற்றிக்கொண்டது.

முதலிடம்தான் விளங்கவில்லை.
பேண்டு செட். கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம்.
ராயபுரத்தில் யாரோ தெருவில் நின்று பிடித்த பதிவு,
நடுவில் ஒரு ஆட்டோ ஹாரன் வேறு.
ஏழு நிமிடம்.
இருநூற்றுப் பதினான்கு முறை.
நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கஸ்தூரிபா நகர் தாண்டும்போது உறைத்தது,
இதற்குப் பாஸ்வேர்டு போட்ட நாளில்
பக்கத்தில் எடிசன் உட்கார்ந்திருந்தான்.

ஓசையைச் சுருளில் பிடித்தவர் பெயரை அவனுக்கும்
காயத்துக்குக் கட்டுப்போட்டவர் பெயரை எனக்கும்
ஆசையாய் வைத்தார் அப்பா.
அவன் எண்ணூரில் இரவெல்லாம் கண்டெய்னர் எண்ணுகிறான்.
நான் பல் செய்கிறேன்.
அப்பா அதற்காக ஒருநாளும் நொந்துகொண்டதில்லை.

அவரைக் காசிமேட்டுக் கல்லறைக்கு எடுத்த அன்று
பேண்டு வேண்டும் என்றான் எடிசன்.
வாசல்வரை வந்துவிட்டார்கள்,
சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான்,
ஒருவருக்கு மட்டும் செருப்பு.
நான்தான் திருப்பி அனுப்பினேன்.
எதுக்கு ஆர்ப்பாட்டம், அமைதியாப் போகட்டும் என்றேன்.
முன்பணம் போனது. அப்பா போனார்.
எடிசன் பேச்சை நிறுத்தினான்.
இரண்டு ஈஸ்டர் ஆகிவிட்டது.

அப்படியானால்
காலை ரயிலில் பாட்டுப் பாதியில் நின்றுபோய்
‘வேறொரு கருவியில் ஒலிக்கிறது’ என்று
வருடமெல்லாம் என் போன் சொன்னதே,
நெட்வொர்க்கைத் திட்டினேனே,
அது ஷிப்ட் முடிந்து
வீட்டுக்குப் போகிற எடிசன்.

தூக்கம் வராத இரவுகளில்
நான் வயலினைத் தட்டிவிட்டபோதெல்லாம்
அங்கே, லாரிகள் எறும்பாய் ஊரும் சாலையில்,
கிளாரினெட் அறுந்திருக்கும்.
வாசலில் ஒருமுறை,
பிறகு தெரியாமலே எத்தனை முறை,
அதே பேண்டை நான் நிறுத்தியிருக்கிறேன்.

இன்று தூங்கவில்லை.
வெளியே மழை, பாதி மனசோடு.
இரண்டு நாற்பதுக்கு முதலிடத்தைத் தொட்டேன்.
டிரம் நாலு அடி அடித்தது,
கிளாரினெட் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது,
அவ்வளவுதான், நின்றுவிட்டது.
வேறொரு கருவியில்.

இங்கே தொடரவா என்று கேட்கிறது திரை.
பச்சையாய் ஒரு பொத்தான், கட்டைவிரலுக்கு அடியில்.

எடுத்துவிட்டேன் விரலை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
ஏழு நிமிடம்.
இந்நேரம் ஆட்டோ ஹாரன் வந்திருக்கும்.
தெருமுனை திரும்பியிருப்பார்கள்.